காராமணி வேரும் விண்வெளிக் கதிரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 2024 டிசம்பரில் பி.எஸ்.எல்.வி-சி60 ராக்கெட் மூலம் இஸ்ரோ அனுப்பிய 8 காராமணி விதைகள் நான்கே நாளில் முளைத்தன. எடையின்மையில் வேர் என்ன செய்யும் என்பதைப் பள்ளி ஆய்வகத்தில் காட்ட முடியுமா?
- ஆசிரியை, அரூர்

பதில்: எடையைப் போக்க முடியாது. ஆனால் எது கீழ் என்று வேருக்குத் தெரியாமல் செய்யலாம். வேர் நுனியை மூடியிருக்கும் வேர்மூடியின் செல்களில் கனமான ஸ்டார்ச் மணிகள் இருக்கின்றன. அவை படியும் பக்கம்தான் வேருக்குக் கீழ்த்திசை. படியச் சில நிமிடங்களாவது வேண்டும். அதற்குள் விதையைத் திருப்பிக்கொண்டே இருப்பதுதான் கிளினோஸ்டாட்.

நிமிடத்துக்கு 2 அல்லது 3 சுற்று மட்டும் சுற்றும் 12 வோல்ட் கியர் மோட்டார் போதும். அதன் தண்டு படுக்கைவாட்டில் இருக்க வேண்டும். காராமணியை இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டுங்கள். வேர் 1 செ.மீ. நீண்டதும் ஈரப்பஞ்சு வைத்த பெட்ரித் தட்டில் (மூடியுள்ள தட்டையான ஆய்வகக் கிண்ணம்) அழுத்தி மூடி, தட்டின் நடுவைத் தண்டில் பொருத்துங்கள். இன்னொரு தட்டைச் சுற்றாமல் நிமிர்த்தி வையுங்கள். மூன்றாவதை நிமிர்த்தியபடியே, செங்குத்து அச்சில் அதே வேகத்தில் சுற்றவிடுங்கள். இந்த மூன்றாவது தட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வேர் கோணியது மோட்டார் அதிர்வாலா, திசை குழம்பியதாலா என்று சொல்லவே முடியாது.

மூன்றையும் இருட்டில் வையுங்கள். வெளிச்சம் இருந்தால் முளையின் தண்டு ஒளியை நோக்கி வளைந்து குழப்பும். பஞ்சில் நீர் தேங்கினால் வேர் அழுகும். தட்டு ஒரு பக்கம் கனத்தால் சுழற்சி தடுமாறி, மணிகள் ஒரே பக்கம் படியும். வேகத்தையும் கூட்டாதீர்கள்: நிமிடத்துக்கு 60 சுற்றில், மையத்திலிருந்து 5 செ.மீ. தள்ளியுள்ள விதை புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு விசையை வெளிநோக்கி உணரும்.

விண்கலத்தில் சூடான காற்றுகூட மேலெழாது. விசிறி இல்லாவிட்டால் வேரைச் சுற்றி ஆக்சிஜன் குறையும். இதைக் கிளினோஸ்டாட் காட்டாது.

கேள்வி: எங்கள் கிரானைட் பாறையிலும் கதிர்வீச்சு உண்டாமே, விண்வெளிக் கதிர் அதைவிட மோசமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: ஆம். நிலத்தில் இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்கே ஏறத்தாழ அரை மில்லிசீவெர்ட். பாறையின் காமா கதிர் பெரும்பாலும் டி.என்.ஏ.வின் ஓர் இழையைத்தான் அறுக்கும். மறு இழையைப் பார்த்துச் செல் அதைச் சரிசெய்துகொள்ளும். விண்வெளியில் ஒளிவேகத்தை நெருங்கி வரும் இரும்பு அணுக்கரு, போகும் வழியெல்லாம் இரு இழைகளையும் அருகருகே வெட்டும். வெட்டுமுனைகள் மாறி ஒட்டினால் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமோசோமின் துண்டுகள் இடம் மாறிவிடும். அலுமினியத் தகட்டில் மோதினாலோ அந்த அணுக்கரு சிதறிப் புதுத் துகள்களைக் கிளப்பும். அதனால் அதே எடைக்கு, ஹைட்ரஜன் மிகுந்த பாலிஎத்திலீனும் நீரும் மேலான கவசம்.