பேசினும் கண்ணாடியும் காலை வெயிலும்: ஒளி, நிறம் பற்றிய கேள்வி பதில்

வீட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளைகள் செய்யக்கூடிய ஒளிப் பரிசோதனைகள் பற்றி வந்த கேள்விகள் இவை. கொழும்பில் பல வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்ற துணிச்சலில் பதில் சொல்கிறேன்.

வெள்ளவத்தை, ஓர் அம்மா: பேசினில் தண்ணீர் விட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தோம். பகல் 12 மணி, நல்ல வெயில். வானவில் வரவே இல்லை, டீச்சர். மகன் அழுகிறான்.

பிழை மகனிடம் இல்லை, நேரத்தில்தான். கொழும்பு பூமத்திய ரேகையிலிருந்து 7 பாகைதான் தள்ளி இருக்கிறது. மதியத்தில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது கண்ணாடியை 45 பாகை சாய்த்தால், ஒளி தண்ணீருக்குள்ளேயே கிடையாக ஓடிப் பேசின் விளிம்பில் முட்டும், வெளியே வராது.

காலை எட்டு, எட்டரைக்குச் செய்யுங்கள். வீடு கடல் பக்கம் பார்த்ததென்றால் பின்னேரம் நாலு மணி. கண்ணாடியின் முகம் சூரியனைப் பார்க்கட்டும், பாதி தண்ணீருக்குள், பாதி வெளியே. பேசினுக்கு மேலே ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்டைப் பிடித்து, சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு தேடுங்கள். சிலவேளை சீலிங்கில் விழுந்திருக்கும். இரண்டு வெளிச்சத் திட்டுகள் தெரியும். வெள்ளையாக இருப்பது வெளியே நிற்கும் கண்ணாடியிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் போய்வந்த மற்றதில்தான் சிவப்பு முதல் ஊதா வரை இருக்கும். ஏனென்றால் தண்ணீர் ஊதாவைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் முறிக்கும், அதாவது திசை திருப்பும். தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். அதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம்!

கொட்டாஞ்சேனை, தரம் 7 மாணவி: நியூட்டன் வட்டு (வானவில் நிறங்களைத் துண்டு துண்டாகப் பூசிய வட்ட மட்டை) செய்தேன். சுற்றினால் வெள்ளையாக வரவில்லை, சாம்பல்தான் வருகிறது. நாளைக்குப் பாடசாலையில் கண்காட்சி.

சாம்பல் வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் மகள். கலர் பென்சில் பூசிய ஒவ்வொரு துண்டும் தன் நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மிச்ச ஒளியை விழுங்கிவிடும். மங்கலான வெள்ளைதானே சாம்பல். நிறங்களை மெல்லியதாகப் பூசி, பின்னால் கறுப்பு மட்டை வைத்து, வெயிலில் சுற்றிப் பாருங்கள். கேட்பவர்களுக்கும் இந்தக் காரணத்தையே சொல்லுங்கள்.

தெஹிவளை, ஓர் அப்பா: சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் என்று மகள் சொல்கிறாள். பெயின்டைக் கலந்தால் மண்ணிறம்தானே வருகிறது?

இரண்டு பேரும் சரி. பெயின்ட் கலக்கக் கலக்க ஒளி குறையும், ஒளியோடு ஒளி சேர்ந்தால் கூடும். வெசாக் விளக்குக் கூட்டுக்கு வாங்கிய கலர் செலோபேன் தாள் மிச்சம் இருக்கும். சிவப்பை ஒரு டோர்ச்சிலும் பச்சையை இன்னொன்றிலும் கட்டி, இருட்டு அறையில் ஒரே சுவரில் அடியுங்கள். இரண்டும் படும் இடம் மஞ்சளாகும். நடுவில் ஒரு விரலை நீட்டினால் இரண்டு நிழல் விழும், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. என் வகுப்பில் இந்த இடத்தில்தான் சத்தம் கூடும். ஒரு டோர்ச் பிரகாசம் கூடியதென்றால் அதைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கள்.

அப்புறம், ஃபோனில் வெள்ளைத் திரையைத் திறந்து கடுகளவு தண்ணீர்த் துளி ஒன்று வையுங்கள். துளி உருப்பெருக்கிபோல வேலை செய்து, வெள்ளைக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும்.

பம்பலப்பிட்டி, 8 வயது: காலிமுகத்திடலில் சூரியன் போகும்போது ஏன் செம்மஞ்சளாகிறது?

உயரமான கிளாஸ் ஒன்றில் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகை பால்மா போட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி ஒரு பக்கமிருந்து டோர்ச் அடியுங்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் இலேசாக நீலம். எதிர்ப்பக்கம் போய் டோர்ச்சைப் பார்த்தால் மஞ்சள், செம்மஞ்சள். பால்மாத் துகள்கள் நீலத்தைச் சிதறடித்துவிடும், சிவப்பு நேராக வந்துவிடும். பின்னேரச் சூரியனின் ஒளி காற்றுக்குள் நீண்ட தூரம் வருகிறது, அங்கே காற்று மூலக்கூறுகள் இதே வேலையைச் செய்கின்றன. ஒரு கரண்டி பால்மா போட்டால் எல்லாம் வெள்ளையாகிவிடும், பிறகு குடிக்கத்தான் சரி.

வத்தளை, ஓர் அம்மா: நிறங்களைப் பிரித்துக் காட்டும் முக்கோணக் கண்ணாடி அரியம் ஒன்று வாங்க வேண்டுமா?

வேண்டாம். பழைய சிடி ஒன்று போதும்.

அதே அம்மா: சின்னப் பிள்ளைகள் தனியாகச் செய்யலாமா?

கண்ணாடி உடையும், ஆகவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சூரியனை நேராகவும் பார்க்கக்கூடாது, கண்ணாடிக்குள்ளும் சிடிக்குள்ளும் பார்க்கக்கூடாது. வெளிச்சத்தை யாருடைய முகத்திலும் அடிக்கக்கூடாது. எதிர் ஃபிளாட் மாமியிடம் நான் ஏச்சு வாங்கியது அப்படித்தான்.