ஒன்றேமுக்கால் ரூபாய் கடனும் ‘தி ஹிந்து’வும்

“தி ஹிந்து எப்படித் தொடங்கியது, எப்படி இவ்வளவு பெரிதானது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

மவுண்ட்ரோடு மகாவிஷ்ணு என்று கிண்டல் செய்கிற அளவுக்குப் பெரிய பத்திரிகையாச்சே, யாராவது ஜமீன்தார் முதல் போட்டிருப்பார் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறந்தது என்னவோ ஒரு கோபத்தில். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாகத் திருவாரூர் முத்துசாமி ஐயரை நியமித்தபோது, வெள்ளைக்காரர் நடத்திய பத்திரிகைகள் இவருக்கெல்லாம் இந்தப் பதவியா என்று குதித்தன. திருப்பிக் கேட்க நம்மவர்களிடம் ஓர் ஏடு இல்லை.

திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசிக்கொண்டிருந்த ஆறு இளைஞர்கள், அதில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரராகவாச்சாரியாரும் வாத்தியார்கள், மற்ற நால்வரும் சட்ட மாணவர்கள், ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 1878 செப்டம்பர் 20-இல் 80 பிரதிகள் அடித்தார்கள். அச்சிட்டது தங்கசாலைத் தெருவில், ஸ்ரீநிதி அச்சகத்தில். (இன்று முறுக்கு சாண்ட்விச் தின்னப் போகிறோமே, அதே தெருதான்.) விலை நாலணா. அத்தனையும் விற்றிருந்தால்கூட இருபது ரூபாய்தான் தேறியிருக்கும்!

அப்புறம் மாணவர்கள் வக்கீலாகிக் கிளம்பிவிட, வாத்தியார்கள் இருவரும்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். வார ஏடாக இருந்தது 1883-இல் வாரம் மும்முறை, 1889-இல் மாலை நாளிதழ். பெயர் வாங்கித் தந்தது சுப்பிரமணிய ஐயரின் பேனா. ஆனால் அவர் எழுதியதோடு நிற்கிற ஆள் இல்லை, விதவையான தன் மகளுக்கே மறுமணம் செய்துவைத்தவர். சமூக சீர்திருத்தத்தில் கூட்டாளியோடு ஒத்துப்போகாமல் 1898-இல் வெளியேறி, தான் ஏற்கெனவே தொடங்கியிருந்த தமிழ்ப் பத்திரிகையான சுதேசமித்திரனே கதி என்று இருந்துவிட்டார்.

பத்திரிகை தள்ளாடியது. 1905-இல் அதன் சட்ட ஆலோசகர் கஸ்தூரி ரங்க ஐயங்கார் 75,000 ரூபாய்க்கு வாங்கினார். என்னைக் கேட்டால், பத்திரிகை பிழைத்தது இங்கேதான். தலையங்கத்தை நாலு பேர் பாராட்டுவார்கள், சந்தா பாக்கியை எவனும் தரமாட்டான். புது நிர்வாகம் சந்தாவை முன்கூட்டியே கட்டச் சொன்னது, கட்டாதவர்களுக்குப் பத்திரிகையை நிறுத்தியது. விளம்பரத்தின் அருமையும் தெரிந்தவர்கள்: முதல் பக்கத்தில் விளம்பரத்தை எடுத்துவிட்டுச் செய்தி போட்டதே 1958 ஜனவரியில்தான்.