அக்காவின் ஐந்து பவுன்

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவன் நான். வயது 38. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷனில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டு மறுபடியும் பிறந்தேன். குடியை விட்டேன், முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். அக்கா நகை ஐந்து பவுனை அடகு வைத்துக் குடித்ததைக்கூட மறைக்காமல் கூட்டங்களில் சாட்சி சொல்கிறேன். ஆனால் கொஞ்ச காலமாக ஜெபத்தில் பழைய சந்தோஷம் இல்லை. அக்கா என் மாற்றத்தை நம்பவில்லை, ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. லீவு போட்டு 21 நாள் உபவாசம் இருக்கலாமா? நான் இரட்சிக்கப்பட்டவன்தானா?

பதில்: தம்பி, அந்த நகையை மீட்டுக் கொடுத்தீர்களா? கடிதத்தில் அது இல்லை. கொடுத்திருந்தால் சாட்சியிலேயே அதைத்தான் முதலில் சொல்லியிருப்பீர்கள், எனக்கும் எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் மைக்கைப் பிடித்துச் சொல்கிறீர்கள், சபை அல்லேலூயா சொல்கிறது. அக்காவின் நிலையை யோசித்தீர்களா? புகுந்த வீட்டில் நகை எங்கே என்று கேட்டபோதெல்லாம் அவள் என்ன சொல்லிச் சமாளித்தாளோ. உங்களைக் காட்டிக்கொடுக்காமல் அவள் மூடி வைத்ததை நீங்கள் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு, அவள் ஏன் கூட்டத்துக்கு வரவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள். எந்த முகத்தோடு வந்து உட்காருவாள்?

கர்த்தர் மன்னித்துவிட்டார் என்பீர்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் நகை அக்காவுடையது.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன் செய்தது என்ன? ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திரும்ப. அவன் கணக்கைச் சொன்ன பிறகுதான் ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்கிறார் ஆண்டவர். பணம் கொடுத்து இரட்சிப்பு வாங்கினான் என்று யாரும் சொல்ல மாட்டோம். உள்ளே மாறியவனுக்கு அடுத்தவன் காசு கையில் உறுத்தும், அவ்வளவுதான். உங்களுக்கு நான்கு வருடமாக உறுத்தவில்லையே, அதுதான் எனக்குக் கவலை.

மறுபடியும் பிறக்க வேண்டும் என்ற வார்த்தையை இயேசுவிடம் முதலில் கேட்ட நிக்கொதேமு, பரிசேயர் என்ற யூத மதப் பிரிவைச் சேர்ந்தவன், இரவில் வந்தவன். அன்றைக்கு அவன் அழுதானா, சந்தோஷப்பட்டானா, சுவிசேஷத்தில் யோவான் எழுதவே இல்லை. பரிசேயர் நடுவில் இயேசுவுக்காக நியாயம் கேட்டதை 7-ம் அதிகாரத்தில் எழுதுகிறார். இயேசுவின் அடக்கத்துக்கு நூறு இராத்தல் அளவு வெள்ளைப்போளமும் கரியபோளமும் என்ற வாசனைப் பொருட்களைக் கொண்டுவந்ததை 19-ல் எழுதுகிறார். சிலுவையில் அறையப்பட்ட ஒருவருக்காக, எல்லோர் பார்வையிலும் வந்து நின்றான்.

சந்தோஷம் இல்லாததைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். பெண் கல்விக்காகப் பாடுபட்ட பண்டித ரமாபாய் 1883-ல் ஞானஸ்நானம் பெற்றார். உள்ளத்தில் கிறிஸ்துவை முழுமையாகக் கண்டடைந்ததை 1891-ல்தான் நடந்ததாகச் சொல்கிறார். நடுவில் 1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் தொடங்கிவிட்டார். உள்ளே நிறையும் வரை கடமையைத் தள்ளிப்போடவில்லை அந்த அம்மா.

உபவாசம் இப்போது வேண்டாம். காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னது இயேசுதான். பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியராகமம் 6-ம் அதிகாரம் இன்னும் கறாரானது: எடுத்த முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். ஐந்து பவுனுக்கு ஆறு பவுன். அன்றைக்கு அடகுக் கடையில் கை நீட்டி வாங்கிய ரூபாய்க் கணக்கு செல்லாது. தங்கமாகவே கொடுங்கள். நகை ஏலத்தில் போயிருந்தால் புதிதாக வாங்குங்கள். ஒரேயடியாக முடியாதென்றால் மாதம் ஒரு கிராம், இரண்டு கிராமாகச் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் மனைவிக்குத் தெரிந்தே செய்யுங்கள், அவள் நகையில் கை வைக்காதீர்கள்.

அப்பா, அம்மாவுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்குப் பிறந்த வீடு என்றால் கூடப்பிறந்தவன்தான். அந்த இடத்தில் நின்றுகொண்டு நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். கடைசிக் குன்றிமணி வரை கொடுத்து முடிக்கும் வரைக்கும் அந்தச் சாட்சியை எந்த மேடையிலும் சொல்லாதீர்கள். முடித்த பிறகும் அக்காவிடம் கேட்டுவிட்டு, அவள் சரி என்றால் மட்டும் சொல்லுங்கள்.

உபவாசத்துக்கென்று நினைத்த லீவில் ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போங்கள். பாஸ்டரையோ சபை ஆட்களையோ கூட்டிக்கொண்டு போக வேண்டாம். மச்சானும் இருக்கும் நேரமாகப் பாருங்கள், அவருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்கா திட்டினால் முழுதாகக் கேளுங்கள். இடையில் வசனம் சொல்லாதீர்கள்.