மரம் வளைக்கும்போது ஏன் வெடிக்கிறது?

கோப்பாயிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மரக்காலையில் வாங்கிய தேக்குப் பலகையை 8 மில்லிமீட்டர் கீலமாக அறுத்து, 3 மணித்தியாலம் ஆவியில் வைத்து, அலை வடிவத்தில் ஒரு விளக்குச் செய்ய வளைத்தாராம். ஒவ்வொரு முறையும் வளைவின் வெளிப்பக்கம் வெடித்துச் சிராம்பு கிளம்புகிறதாம். விற்றவரோ 'இன்னும் அவியுங்கள், இல்லையென்றால் வளைக்கிறதுக்கென்றே மரம் இருக்கிறது, விலை கொஞ்சம் கூட' என்கிறாராம். வாங்கலாமா, பனையில் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

வாங்காதீர்கள் தம்பி. சில மரங்கள் மற்றவற்றைவிட நன்றாக வளையும், உண்மைதான். ஆனால் 'வளைக்கிற மரம்' என்ற பெயரை மட்டும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்கக்கூடாது. எங்கே வெட்டியது, வெயிலில் காய்ந்ததா சூளையில் காய்ந்ததா என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சூளையில் நன்றாக உலர்த்திய மரம் கதவுக்கும் யன்னலுக்கும் நல்லது, வளைக்க ஆகாது. நார்களை ஒட்டிவைத்திருக்கும் பசை அதில் இறுகிவிடும், பிறகு எவ்வளவு ஆவி கொடுத்தாலும் முழுதாக இளகாது. உங்களுக்கு நேரம் போதாமலும் இல்லை, கூடிவிட்டது. 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்பது கைக்கணக்கு, உங்கள் கீலத்துக்கு 20 நிமிடம் போதும். அளவுக்கு மேல் அவித்தால் நார் சத்துக்கெட்டு நொறுங்கும்.

உங்கள் வேலியைப் பாருங்கள். பூவரசங் கதியால் நிற்கும். நிமிர்ந்து, கணுவில்லாமல் வளர்ந்ததாகப் பார்த்து வெட்டுங்கள். கிடையாகப் போன கொப்பு வேண்டாம், அது உள்ளே இழுவையோடு வளர்ந்தது, காயும்போது முறுகும். வெட்டியதை வாளால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தால் பிளவு நாரின் வழியே போகும், பிறகு இழைத்துக்கொள்ளலாம். நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக ஓட வேண்டும். சந்தேகமென்றால் பக்கவாட்டில் பேனா மை ஒரு சொட்டு விடுங்கள், நார் போகும் திசையிலேயே அது கசிந்து ஓடிக் காட்டிக்கொடுக்கும்.

இனி வெடிப்புக்கு வருவோம். சூடான மரம் நெருங்கிச் சுருங்கச் சம்மதிக்கும், நீள மட்டும் சம்மதிக்காது, நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு நீண்டாலே அறுந்துவிடும். அதனால் வெளிப்பக்கத்தில் மெல்லிய தகரப் பட்டி ஒன்றை வைத்து, அதன் இரு முனையிலும் கட்டை அடித்து, கீலத்தை அந்தக் கட்டைகளுக்கு நடுவே இறுக்கமாகப் பொருத்துங்கள். அப்போது வெளிப்பக்கம் நீள வழியில்லை, உட்பக்கம்தான் சுருங்கும். பட்டி நாகம் பூசியதாக இருக்கட்டும், வெறும் இரும்பு ஈர மரத்தில் கறுப்புக் கறை போடும். ஆவிப் பெட்டியிலிருந்து எடுத்தால் ஒரு நிமிடத்துக்குள், வேண்டிய வளைவில் முன்பே செய்துவைத்த அச்சில் இறுக்கிவிட வேண்டும், தடித்த கையுறையோடு. பெட்டியில் ஆவி வெளியேற ஒரு துளை கட்டாயம், அடைத்துவைத்தால் வெடிக்கும். காயும்வரை அச்சிலேயே விடுங்கள். கழற்றியதும் கொஞ்சம் நிமிரும், ஆகவே அச்சின் வளைவைத் தேவையைவிடச் சற்றுக் கூட்டியே செய்யுங்கள்.

பனை வேண்டாம். அதன் வைரம் தடித்த நார்கள் மெதுவான சதையில் குத்தி நிற்பது போன்றது, வளைத்தால் நாரும் சதையும் பிரிந்துவிடும். பிரம்பும் பனைக் குடும்பம்தானே, அது வளைகிறதே என்று கேட்பீர்கள். சரிதான், பிரம்பு வளையும். ஆனால் அது கொடியாக வளர்வது, முழுத் தண்டாகவே வளைக்கிறோம், நாரை எங்கும் வெட்டுவதில்லை. பனைமரத்தை அறுத்த பலகையில் நார் பக்கவாட்டில் எங்காவது வெட்டுப்பட்டே இருக்கும். பிரம்பில் நடப்பதைப் பார்த்துப் பனையை வாங்கிக் காசை விடாதீர்கள்.

பலா மலிவாகக் கிடைக்கிறது என்று தரகர் வந்தால் அனுமதிப்பத்திரத்தை முதலில் கேளுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் அனுமதியில்லாமல் வெட்டக்கூடாதவை, இலங்கையின் 1951ஆம் ஆண்டுச் சட்டம். மரங்களைக் காக்கும் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மரத்துக்காகக் கிராம சேவகர், பிரதேச செயலகம், ஏற்றிப்போக இன்னொரு தாள் என்று ஒரு சின்னத் தச்சனை அலைய விடுகிறார்கள், அதற்குள் பச்சை மரம் காய்ந்துவிடுகிறது. நேர்வழியில் போகிறவன் களைத்துப்போய்க் கடைசியில் தரகரிடம்தான் வந்து நிற்கிறான்.

பல்ப் எல்இடியாகவே இருக்கட்டும். பழைய குண்டு பல்பின் சூட்டுக்கு மெல்லிய மரம் கருகும்.