கிராணி காதில் விழுந்த பெயர்: குடும்ப வேர் தேடுவோர்க்குக் கேள்வி பதில்

பினாங்கில் பத்தாண்டுக்கும் மேலாக என் குடும்பத்து வேரைத் தேடி வருகிறேன், கேட்பவர்களுக்கும் தேடிக் கொடுக்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

பட்டர்வொர்த்: பேமிலிசர்ச் என்ற இலவச வேர் தேடும் தளத்தில் தாத்தா பெயரைப் போட்டேன் அண்ணா, ஒன்றுமே வரவில்லை. காசு கட்டும் தளத்துக்குப் போகட்டுமா?

வேண்டாம் தம்பி, முதலில் எழுத்தை மாற்றிப் பாருங்கள். தாத்தா வாயால் சொன்னார், கிராணி, அதாவது எழுத்தர், தன் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். என் பூட்டனார் முனியாண்டி அடையாள அட்டையில் ‘யு’ போட்டு ஓர் ஆள், இறப்புச் சான்றிதழில் இரண்டு ‘ஓ’ போட்டு இன்னோர் ஆள். லெட்சுமிக்கு இங்கே ‘டி-சி-எச்’ போடுவோம், தமிழ்நாட்டில் ‘கே-எஸ்-எச்’ போடுவார்கள். இரண்டும் ஒரே பெயர் என்று கணினிக்குத் தெரியாது. அந்தத் தளத்தில் சந்தேகமான எழுத்துகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம். நான் தொலைத்துவிட்டதாக நினைத்த பலரை அந்த ஒரு குறிதான் மீட்டுக் கொடுத்தது.

இன்னொன்று. தலைமுறைக்குத் தலைமுறை ஒரே குடும்பப் பெயர் வருகிறவர்களை நினைத்துக் கட்டிய தளங்கள் இவை. நமக்கோ அப்பா பெயர்தான் பின்னால் வரும், அதுவும் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். ‘பெருமாள்’ என்று போட்டால் எங்கெங்கோ உள்ள பெருமாள்களின் பிள்ளைகளை எல்லாம் உங்கள் சொந்தம் என்று காட்டும். அதை நம்பிக் குடும்ப மரத்தில் ஒட்டாதீர்கள். ஒருவர் ஒட்டிய தப்பை நாலு பேர் பிரதி எடுக்கிறார்கள், பிறகு யார் சொன்னாலும் எடுபடுவதில்லை. எனக்கு இதில்தான் மிகுந்த வருத்தம்.

சுங்கை பட்டாணி: கப்பல் பயணிகள் பட்டியல் இணையத்தில் இருக்கிறதா ஐயா?

பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நெட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு அப்பா பெயர், ஊர் எல்லாம் ஆள்வாரியாக எழுதிய பதிவேடுகள் உண்டு. மலாயாவுக்குப் பெரும்பாலோர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டிவந்தோ, சொந்தமாகக் கப்பலேறியோ வந்தார்கள். அதே மாதிரிப் பட்டியல் நமக்கும் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டுப் பேச்சிலேயே துப்பு இருக்கும். ‘ரஜூலாவில் வந்தோம்’ என்றால், அந்தக் கப்பல் கட்டப்பட்டது 1926-இல். அதற்கு முந்திய வருகையாக இருக்க முடியாது. ஆனால் எந்தக் கப்பலில் வந்தாலும் ரஜூலா என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு, அதையும் மனத்தில் வையுங்கள்.

காஜாங்: பழைய தாளில் ‘திருச்சினாப்பள்ளி’ என்றுதான் இருக்கிறது. இன்றைய திருச்சியில் அந்தக் கிராமமே இல்லை.

அன்றைய திருச்சி மாவட்டம் மிகப் பெரியது. 1995-இல் பெரம்பலூரும் கரூரும் அதிலிருந்து பிரிந்தன. அந்தப் பக்கமும் வரைபடத்தில் தேடுங்கள், அம்மா.

நிபோங் திபால்: தாத்தா வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. எப்படிக் கண்டுபிடிப்பது?

தமிழ்ப்பள்ளிகளின் பெயரைப் பாருங்கள். தோட்டம் போன பிறகும் ‘லாடாங்’ (மலாயில் தோட்டம்) என்று தொடங்கும் தோட்டப் பெயரைச் சுமந்தபடி நம் பள்ளிகள் பல நிற்கின்றன. பெயர் தெரிந்ததும் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நாளிதழ்த் தொகுப்பில் போட்டுப் பாருங்கள்; ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845 முதல் இருக்கிறது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் பெயர் விபத்து, வழக்குச் செய்திகளில்தான் பெரும்பாலும் அகப்படும். மனம் கனக்கும், ஆனாலும் படியுங்கள்.

கோலாலம்பூர்: மரபணுப் பரிசோதனை செய்தால் ஊர் தெரியுமா?

தெரியாது. தென்னிந்தியா என்று சொல்லும், கிராமத்தைச் சொல்லாது. 2023-இல், எச்சிலை வாங்கி மரபணு பார்க்கும் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன; 2025 மார்ச்சில் அது திவால் மனுவும் கொடுத்தது. உங்கள் எச்சிலில் உங்கள் தங்கையின் விவரமும் பாதி இருக்கிறது, அவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தைப்பிங்: பாட்டிக்கு 91 வயது. அவரிடம் எதை முதலில் கேட்பது?

குலதெய்வம் எது, கோயில் எந்த ஊரில் என்று கேளுங்கள். தேடுபொறியில் போட அதைவிட நல்ல சொல் நமக்கு இல்லை. அடுத்து கங்காணியின் பெயர், கல்யாணத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவந்தவர் யார், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டில் யார். கைப்பேசியில் குரலைப் பதிந்து இரண்டு இடத்தில் வையுங்கள். தைப்பூசத்துக்குக் குடும்பமே கூடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் உட்காருங்கள் தங்கச்சி.