தெஃபிலின்: பெய்த் யோசேஃப் எழுத்தா, அரிசால் எழுத்தா?

தெஃபிலினுக்குள் (யூதர்கள் வழிபாட்டின்போது கையிலும் தலையிலும் கட்டும் தோல் பெட்டிகள்) வைக்கும் வசனத் தோலேட்டை பெய்த் யோசேஃப், அரிசால் (கபாலா அறிஞர் ஐசக் லூரியாவின் பெயரால் வழங்குவது) என்ற எபிரேய எழுத்து வடிவங்களில் எதில் எழுதச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பம் தந்தை வழியில் அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத மரபு), ஹசிதிய (கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய யூதப் பக்தி இயக்கம்) வழக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் தோலேடு எழுதுபவரிடம் பெய்த் யோசேஃப் என்றே சொல்லிவிடுங்கள்.

‘பெய்த் யோசேஃப்’ நூலை எழுதிய யோசேஃப் காரோ செஃபார்டி (ஸ்பெயின் வழி யூத மரபு) அறிஞர் என்பதால் அந்த எழுத்தும் செஃபார்டிகளுடையது என்று நினைத்திருப்பீர்கள். அவர்களுடையது வெல்லிஷ், அது தனி.

ஐயம் தீராவிட்டால், தெஃபிலின் பெட்டியைப் பிரிக்காமல், தாத்தா வீட்டு வாசல் நிலையிலுள்ள மெசூசாவை (அங்கே பொருத்தும் வசனத் தோலேடு) மெதுவாக விரித்து, ‘மெட்சவ்கா’ என்ற சொல்லில் வரும் ‘ட்சாதி’ (צ) என்ற எபிரேய எழுத்தைப் பாருங்கள். அதன் வலப்பக்கத் தலையாக அமைந்த ‘யோத்’ (י) எழுத்து வழக்கமான திசையில் இருந்தால் பெய்த் யோசேஃப். பின்புறமாகத் திரும்பியிருந்தால் பெரும்பாலும் அரிசால்.

ஆனால் அந்த மெசூசா கடையில் கிடைத்ததை வாங்கியதாகவும் இருக்கலாம் என்பதால், குடும்ப வழக்கம் அறிந்த ரபியிடம் (யூத மதகுரு) உறுதிசெய்த பிறகே முன்பணம் கொடுங்கள்.