இலை தளதளக்கிறது, பூதான் இல்லை

கேள்வி: வாசலில் நிற்கும் சரக்கொன்றை முதல் இரண்டு வருடம் நன்றாகப் பூத்தது. அப்புறம் வருடத்துக்கு நாலைந்து சரம்தான். வசந்தத்துக்கு ஒரு மாதம் முன்பே கிளைகளை ஒழுங்காக வெட்டி, யூரியா வைத்து, தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். வேறென்ன செய்ய வேண்டும்?

பதில்: இதில் பாதியை நிறுத்தினாலே போதும். முதலில் அந்தக் கத்தரியை உள்ளே வையுங்கள். கொன்றையின் சரம், போன பருவத்தில் வளர்ந்து முற்றிய குச்சிகளின் கணுக்களிலிருந்துதான் இறங்கும். பூப்பதற்கு முந்தைய மாதத்தில் அந்தக் குச்சிகளை நறுக்கினால், அந்த வருடத்துப் பூவையே நறுக்கியதாகிவிடுகிறது. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பூ ஓய்ந்த கையோடு வெட்டுங்கள்; புதுக் குச்சி வளர்ந்து முற்ற ஒரு வருடம் கிடைக்கும். அப்போதும் காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை போதும். மரத்தைக் குடைபோல வட்டமாகச் செதுக்க வேண்டாம். சரங்கள் தாராளமாகத் தொங்குவதில்தான் கொன்றையின் அழகே இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். வேரூன்றிய மரம் இது. பூக்கும் முன் இலையில் பெரும்பகுதியைக் கொட்டிவிட்டுச் சற்றுக் காய்ந்து நிற்பது அதன் இயல்பு. அந்த நேரத்தில் தினமும் ஊற்றினால் மரம் தளிர்விடப் பார்க்கும். இலை உதிரத் தொடங்கியதும் நிறுத்துங்கள், மொட்டு தெரிந்த பிறகு மண் ரொம்பக் காய்ந்தால் மட்டும் கொடுங்கள். யூரியா வேண்டவே வேண்டாம், தழைச்சத்து இலையைத்தான் வளர்க்கும். பக்கத்துக் கட்டடமோ வேறு மரமோ வெயிலை மறைக்கிறதா என்றும் பாருங்கள். நிழலில் கொன்றை பூக்கத் தயங்கும்.

சரி, பூத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சரத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேலே காம்புப் பக்கம் பூக்கள் விரிந்திருக்கும், கீழ் நுனியில் இன்னும் உருண்டை மொட்டுகளாக இருக்கும். அதனால்தான் ஒரே சரம் பல நாள் நீடிக்கிறது. பறித்து உள்ளே வைத்தால் அந்த நாட்கள் வீண். பூவுக்குள் பத்து மகரந்தத் தாள்கள். மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே வந்திருக்கும். காலையில் கரிய தச்சன் தேனீ வந்து பூவைப் பற்றிக்கொண்டு ர்ர்ர் என்று அதிரும், அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிரும். இதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

பூ ஓய்ந்து தளிர் வந்ததும் இளம்பச்சைப் புழுக்கள் தென்படலாம். இலையின் நடுநரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும், சட்டென்று கண்ணில் படாது. வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் பிள்ளைகள் அவை. சில கிளைகளை மொட்டையாக்கினாலும் மரம் மறுபடி தழைத்துவிடும். மருந்து அடிக்காதீர்கள்.

காய்கள் குழல்போல 30 முதல் 60 செ.மீ. வரை நீளும், முற்றினால் கரும்பழுப்பாகும். உள்ளிருக்கும் கருஞ்சதை பேதியாக்கும். சிறு பிள்ளைகள் விளையாடும் முற்றமென்றால் விழுந்த காய்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.